கடலூருக்குப் போவதாகச் சொன்னவள்

"எங்க போறீங்க?"

ஒரு கையில் குடை, ஒரு கையில் தூக்குச்சட்டி என்று ஐப்பசி மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறப்போன கொளஞ்சிக்குப் பகீரென்றது. காலங்காத்தாலே வீட்டை விட்டுக் கிளம்பின பெண்ணை இப்படியா கேட்பது? அவள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் பெற்ற தாய்கூடக் கேட்க மாட்டாள். கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெடுக்கென்று திரும்பினாள். பேண்ட்டு போட்டவன். தலையெல்லாம் நனைந்து, கையில் அட்டையும் பென்சிலுமாக நின்றான். கண்கள் மட்டும்... சே, முன்பின் தெரியாதவன் கண்ணைப் பற்றி இவளுக்கு என்ன?

"ஏங்க, உங்க வூட்ல அக்கா தங்கச்சி இல்லையா?"

"இருக்காங்க. அவங்ககிட்ட இதைக் கேட்டாலும் இதே மொறைப்புதான் கிடைக்கும்." சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "என்னங்க செய்யறது, சர்வே! விருத்தாசலமும் சுத்தி இருக்கிற ஊருங்களும் எப்பிடி வளரணும்னு சர்க்காரு பிளான் போடுது. எந்த ஊரு சனம் எதுக்காக எங்க போவுதுன்னு தெரிஞ்சாத்தானே, எங்க என்ன கட்டறதுன்னு முடிவு பண்ணலாம்? சொல்லுங்க... எங்க, எதுக்கு?"

"கடலூருக்கு. சினிமா பாக்க!"

அவன் அதையும் எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டு, 'போயிட்டு வாங்க' என்று வேறு சொன்னான். கொளஞ்சிக்கு விருத்தாசலம் போய்ச் சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் ஏறினால், எதிர் சீட்டில் அதே ஆள்! அவள் விரல்களையே பார்த்தான்.

"கடலூர்ல சினிமா பாத்தா விரல்ல கறுப்புப் பெயிண்ட்டு ஒட்டிக்குமா?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டவள் தன்னையும் மீறிச் சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன, உண்மை வெளியே வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை. பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள்.

"காலையில எழுதினீங்களே, அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்களேன்..."

"மத்தியானமே கட்டுக் கட்டி ஆபீசுக்கு அனுப்பியாச்சு. பரவால்ல விடுங்க, அத்தனை சீட்டுல இந்த ஒண்ணை யாரு பாக்கப்போறாங்க?"

சக்கரபாணி என்பது அவன் பெயர். திட்ட ஆபீசில் தற்காலிக வேலை, மேப் வரைகிறவன். சர்வே முடிகிறவரை அந்த பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தான். பேச ஆரம்பித்தால் அவன் முகமே மாறிப்போகும்.

"நெய்வேலி அந்தப் பக்கம், விருத்தாசலம் இந்தப் பக்கம்... ரெண்டும் ஊதிக்கிட்டே போவுது. பிரசவம்னாலும் அங்கதான் ஓடணும், மோட்டாரு ரிப்பேருன்னாலும் அங்கதான் ஓடணும். ஓடறவங்களும் பாவம், தாங்கற ஊரும் பாவம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒண்ணு, மங்கலம்பேட்டைக்கு ஒண்ணு, உங்க ஊருக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சா எல்லா ஊரும் மூச்சு வுடும்ல?"

"உங்க மேப்புல எங்க ஊரு எம்மாம் பெருசு?"

"ஒரு புள்ளிங்க."

"புள்ளியா! எங்க ஊரா?"

"புள்ளிதான். ஆனா கொஞ்ச நாளா, அந்தப் புள்ளிகிட்ட வந்தா பென்சில் நகர மாட்டேங்குது..."

கொளஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழை முகத்தில் அடித்தது. கம்பியில் சுருட்டி வைத்த படுதாவை இழுத்துவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவள் கண் எழுதிய பொம்மைகள் எல்லாம் ஓரப் பார்வை பார்த்தன. "என்னம்மா இது, எல்லாம் யாரையோ தேடுது?" என்று மேஸ்திரி அதட்டினார்.

ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். பயம் ஒரு பக்கம் இருந்தது. அவள் அப்பா ராஜமாணிக்கம் லேசுப்பட்டவர் இல்லை. அம்மா போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்தவர். அழுது அடம்பிடித்துத்தான் வேலைக்குப் போக அனுமதி வாங்கினாள். அன்றைக்கே சொல்லிவிட்டார்: "உன்னைப் பத்தி ஒரு சொல்லு என் காதுல வுழுந்துச்சு, அன்னையோட வேலை நின்னுது." பொம்மையின் வெள்ளை முகத்தில் முதல் கண் திறக்கிறபோது அவளுக்குள் ஏற்படுகிற சந்தோஷம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அடுத்த மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். திட்டத்தைப் பற்றிச் சொல்லப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்திருந்தார். சக்கரபாணி மேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆண்கள் பக்கம் ராஜமாணிக்கம், பெண்கள் பக்கம் கொளஞ்சி.

"பிரசவ ஆஸ்பத்திரி எந்த ஊருக்குன்னு முடிவு பண்ணணும்," என்றார் அதிகாரி. "ஆனா உங்க ஊர்ல யாருமே ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல போல இருக்கே! கேட்டா 'சும்மா'ங்கறாங்க, 'ஒறமொறை வூட்டுக்கு'ங்கறாங்க. அட, காலையில முதல் பஸ்ஸுல ஒரு பொண்ணு கடலூருக்கு சினிமா பாக்கப் போவுதாம்! உங்களுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? ஒரு டூரிங் கொட்டாய் போதும்!"

வாலிபப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த ஊரில் தினமும் முதல் பஸ்ஸுக்குப் போகிற பெண் ஒருத்திதான். அத்தனை தலைகளும் கொளஞ்சி பக்கம் திரும்பின. ராஜமாணிக்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினார். அவளுக்கு உயிரே போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்!" சக்கரபாணியின் குரல். "அது என் தப்பு, சார். அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதாத்தான் சொன்னாங்க. நான்தான் யாரோ சொன்னதை அவங்க சீட்டுல மாத்தி எழுதிட்டேன்."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "இப்படி எழுதறவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிய்யா பிளான் போடறது? நாளையிலேருந்து நீ வர வேணாம்."

மேப்பைப் பிடித்தபடியே அவன் தலை குனிந்தான். இத்தனை ஊருக்கும் மூச்சு விட வழி தேடினவன், எல்லார் முன்னாலும் திருடனைப் போல நின்றான்.

கொளஞ்சி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் பெயருக்கும் பழுதில்லை, வேலைக்கும் பழுதில்லை. அப்பாவின் கையில் துண்டுகூடத் தளர்ந்துவிட்டது. ஆனால் அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்துவிட்டாள்.

"அவரு மேல தப்பு இல்லைங்க. கடலூருன்னு பொய் சொன்னது நான்தான். அவரு எழுதினது சரி. கிளம்பறப்ப எங்க போறேன்னு கேட்டா, யாருங்க நெசத்தைச் சொல்லுவாங்க?"

பின்னாலிருந்து காசியம்மாள்தான் முதலில் எழுந்தாள். "நானுந்தான் ஒறமொறை வூட்டுக்குன்னு சொன்னேன். எம் மருமவளைப் பிரசவத்துக்கு இட்டுகினு போனேன், சாமி. வலியெடுத்த பொண்ணைப் பக்கத்துல வெச்சுகினு வாயால சொல்லுவனா?" அவ்வளவுதான். 'நானும்', 'எம் மவளுக்கும்' என்று பெண்கள் பக்கமே எழுந்து நின்றது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சக்கரபாணி மெல்லச் சொன்னான்: "சார்... போறப்ப கேட்டாத்தான் சகுனம். வர்றப்ப கேட்டா சொல்லுவாங்க."

அதிகாரி அவனையும் பார்த்தார், பெண்களையும் பார்த்தார். "அப்ப பஸ்ஸு திரும்பி வர்ற பக்கமா நின்னு கேளுய்யா. மறுபடி முதல்லேருந்து கேளு," என்றார்.

அவன் வேலை தங்கியது. அவள் வேலை?

ராஜமாணிக்கம் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார். விடிந்தது. கொளஞ்சி தூக்குச்சட்டியைத் தொடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். "கிளம்பு," என்றார். எதற்கு என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. தூறலில் அவர் முன்னே நடந்தார், அவள் பின்னே நடந்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், விருத்தாசலத்திலிருந்து வருகிற பஸ்கள் நிற்கிற புளியமரத்தடியில் சக்கரபாணி நின்றிருந்தான். அவர் நேராக அவனிடம் போனார்.

"ஏன் தம்பி, வேலையே போயிருக்கும். பழியை எதுக்கு நீ ஏத்துக்கிட்ட?"

"அத்தனை பேரு எதிர்ல... அவங்க தலை குனிஞ்சதைப் பாக்க முடியலைங்க."

"ஏன் முடியலை?"

ஊர் ஊராகக் கேள்வி கேட்டவன் அட்டையின்மேல் பென்சிலை வெறுமனே உருட்டினான். எதிர்ப்பக்கம் முதல் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"அப்பா..." கொளஞ்சி முன்னால் வந்தாள். "என்னாலயும் முடியலைப்பா. அவரு தலை குனிஞ்சு நின்னதை என்னாலயும் பாக்க முடியலை. என் வேலை போனாலும் போவட்டும்னுதான் எழுந்தேன். எனக்கு... எனக்கு அவரைப் பிடிச்சிருக்குதுப்பா."

"எனக்கும்தாங்க," என்றான் சக்கரபாணி, ராஜமாணிக்கத்தைப் பார்த்து. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, காது வரை சிவந்துபோனான்.

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவை இட்டுகினு வூட்டுக்கு வா, தம்பி," என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "நீ என்னா நின்னுகினு இருக்க? பஸ்ஸு போயிடும், ஓடு. வேலைக்கு நேரமாவுதுல்ல?"