பழைய பெயரே இருக்கட்டும்

"சார் ஓடிபி சொல்லிட்டாரு மேடம். வேலை முடிஞ்சுது" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே, இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

சமையலறையில் அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்த சுப்ரஜா, விரலில் ஒட்டிய டேப்பைப் பிய்த்தபடி ஹாலுக்கு வந்தாள். "எந்த சார்?"

"உங்க வீட்டு சார்தான். கனெக்‌ஷன் அவர் பேர்லதானே இருக்கு? ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகும். கூப்பிட்டேன், எடுத்துச் சொன்னாரு." அவர் நரைத்த மீசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "பின்னாடி ஒரே மழைச் சத்தம், பாதி காதுலயே விழல. எந்த மாடி, லிஃப்ட்ல இருந்து எந்தப் பக்கம்னு கேட்டாரு. சொல்லிட்டேன்."

பூனாவின் ஔந்துப் பகுதியில் அன்று காலையிலிருந்து ஒரு தூறல்கூட விழவில்லை. பால்கனிக்கு வெளியே வானம் மூட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கணவன் ஹரீஷ், போன மழைக்காலத்தில் இறந்துபோனான். அவனுடைய எண்ணை சுப்ரஜாவே ரத்து செய்திருந்தாள். ரத்தான எண்ணைக் கொஞ்ச நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், இது ஊருக்கே தெரிந்த விஷயம். யாரோ ஒரு புண்ணியவான் போனை எடுத்து, வந்த எண்ணைப் படித்துக் காட்டியிருக்கிறான். சரி, அந்தப் புண்ணியவான் மாடியை எதற்குக் கேட்க வேண்டும்? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

தப்பு அவள்மேல்தான். இணைப்பைக் கராடியில் இருந்த பழைய வீட்டிலிருந்து இங்கே மாற்றச் சொல்லி கால் சென்டருக்கு அவள்தான் பேசினாள். அந்தப் பக்கம் இருந்த பெண், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தாள். சார் எப்போது வருவார் என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி சுப்ரஜாவுக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. வங்கியில் சொன்னாள், கேஸ் ஏஜென்சியில் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னாள். சொன்ன இடத்திலெல்லாம் அவன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அன்று ஒருநாள் அவளால் முடியவில்லை. "சாயங்காலம் வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு, புது விலாசத்தைக் கொடுத்தாள். சாருக்கு விலாசத்தை அனுப்பிவிட்டோம் என்று அந்தப் பெண் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"பேரும் பாஸ்வேர்டும் புதுசா வைக்கலாமா மேடம்?" என்று வேலையை ஆரம்பிக்கும்போதே அவர் கேட்டிருந்தார்.

"வேண்டாம். பழைய பேரே இருக்கட்டும்" என்றாள் சுப்ரஜா.

வீடு மாறுகிற எல்லோரும் செய்வதுதான். பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் இருந்துவிட்டால் டிவி, லேப்டாப், குழந்தையின் டேப்லெட் எல்லாம் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் சுப்ரஜா அதற்காகச் சொல்லவில்லை. அந்த வைஃபைக்கு 'வைஷு அப்பா' என்று ஹரீஷ் பெயர் வைத்திருந்தான். அதையும் அழித்துவிட்டால் இந்தப் பூனாவில் அவனுக்கென்று வேறு என்னதான் மிச்சம்?

அவர் கிளம்பிப் போனதும் வீடு கப்சிப் என்று ஆனது. புதுப் பெயின்ட் வாடை மூக்கை அரித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் நிதானமாக ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. வாசற்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் மேல், மகள் வைஷு எதையோ வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, எட்டாமல் குதிகாலைத் தூக்கி நின்றாள். இத்தனை பெட்டியில் அவள் தேடி எடுத்தது அந்தச் சின்ன விளக்கைத்தான்.

அது ஹரீஷ் செய்து வைத்த விளையாட்டு. அவனுடைய போன் வீட்டு வைஃபையைத் தொட்டால் விளக்கு தானாக எரியும். கராடி வீட்டில் லிஃப்ட்டை விட்டு அவன் இறங்கும்போதே மஞ்சளாக எரிய ஆரம்பிக்கும், வைஷு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவன் வெளியே போனால் விளக்கும் அணைந்துவிடும். அவன் செத்த பிறகும் அவள் தினமும் சாயங்காலம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தாள். தட்டை எடுத்துப் போனால் அப்பா வரட்டும் என்றாள். சோற்றைத் தொடாமல் அங்கேயே தூங்கினாள், உடம்பு துரும்பாக இளைத்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த அண்ணன் பாலசுப்ரமணியன் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போனவரு போயிட்டாரு. இருக்கற ஒண்ணையும் விட்றாத சுப்ரஜா. மொதல்ல இந்த வீட்ட மாத்தீரு" என்றான். பிள்ளையை அந்தக் கதவிடமிருந்து பிரிக்கத்தான் இந்த வீடு.

"அத வைக்காத கண்ணு. உள்ள எடுத்துட்டுப் போ."

"ப்ளீஸ்மா. சும்மா வைக்கறேன்."

இதற்கு மேல் எப்படிக் கண்டிப்பது? சுப்ரஜா சமையலறைக்குப் போய்க் குழந்தைக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். தூரத்தில், பாணேர்ப் பக்கமாக, இடி உருண்டது. பிறகு மழை வந்தது. ஒரேயடியாகக் கொட்டவில்லை. முதலில் எங்கோ தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு அடுத்த கட்டடத்துக் கார்களின் மேல் விழுந்தது, பிறகு இந்தக் கட்டடத்தின் கேட்டுக்கு உள்ளே வந்து, சுவரோரமாக, ஒவ்வொரு மாடியாக ஏறிவருகிற மாதிரி கேட்டது. பால் பொங்கியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அம்மா! அப்பா வந்தாச்சு!"

ஹால் சுவர் மஞ்சளாக இருந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வைஷு கதவுக்குப் பின்னால் முதுகை ஒட்டி நின்று, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துச் சுப்ரஜா பார்த்து வெகுநாளாகிவிட்டது. புது இணைப்பு, ஏதோ குளறுபடி, மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும். மனசு என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டே போனது. கால்கள் அவளைக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தின.

கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. லிஃப்ட்டிலிருந்து இந்தக் கதவுவரை தரை மட்டும் நனைந்திருந்தது.

கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. பெட்ரோல், ஈர மண், காயாமல் மடித்து வைத்த ரெயின்கோட். புறவழிச் சாலையில் லாரி அடித்துத் தூக்கி எறிந்தபோது ஹரீஷ் போட்டிருந்த ரெயின்கோட்டை மருத்துவமனையில் மூட்டையாகக் கட்டி அவள் கையில் கொடுத்தார்கள். அதே வாடை.

பயந்தாள். பயத்துக்கு மேல் ஆசைப்பட்டாள், அதுதான் உண்மை. ஒரே ஒரு தடவை. அவன் குரல். சளி பிடித்த, கரகரத்த அந்தக் குரல். காதைக் கதவில் வைத்து, "ஹரீஷ்?" என்றாள்.

மழை. வேறொன்றும் இல்லை.

"ஹரீஷ், நாந்தான். பேசுடா."

அவன் இரண்டாவது தடவை செத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

போனைப் பார்த்துவிட வேண்டும். அவனுடைய போனை. நொறுங்கிப்போய் போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தது, பீரோவில்தான் இருக்கிறது. சில்லுசில்லாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிள்ளையிடமும் காட்டிவிடலாம்.

"கதவத் தொறக்காத. அம்மா இப்ப வந்தர்றேன். தொறக்கக் கூடாது, சரியா?"

"அப்பா நனையறாரும்மா."

படுக்கையறையில் விளக்கைப் போடத் தோன்றவில்லை. பீரோ சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் துழாவினாள். புடவைகள். சான்றிதழ்கள். சாவி. கதவு கிறீச்சிட்டது. உறை கையில் அகப்பட்டது. உள்ளே கண்ணாடித் தூள் சரிந்தது.

உறை சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த மாதிரி சூடு. உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள்.

உறையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

ஹால் இருட்டாக இருந்தது. விளக்கு அணைந்திருந்தது. வாசற்கதவு திறந்திருந்தது. வைஷுவின் செருப்பு அலமாரியிலேயே இருந்தது. லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

இன்டர்காம் அடித்தது.

"மேடம், கேட்டுல இருந்து பேசறேன்." வாட்ச்மேன். இந்தியில். "புதுசா வந்த வீட்டு சாஹேப் இவருதானே? பாப்பாவக் கூட்டிட்டு வெளிய போறாரு. மழை இப்படிக் கொட்டுது, பாப்பா காலுல செருப்புகூட இல்ல. குடை தரட்டுமான்னு கேட்டேன், பேசவே மாட்டேங்கறாரு."

"நிறுத்துங்க! கேட்டைச் சாத்துங்க! பிள்ளையை விடாதீங்க!"

"அவங்க அப்பாதானே மேடம்?" என்றார் அவர், குழப்பமாக. அதற்குப் பிறகு ரிசீவரில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பால்கனி. கம்பி. கீழே கேட்.

கேட்டைத் திறந்து பிடித்தபடி வாட்ச்மேன் மரியாதையாக ஒதுங்கி நின்றார். வைஷு வெளியே போய்க்கொண்டிருந்தாள். தனியாக. வலது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்கியிருந்தது, உயரமான ஒருவரின் விரலைப் பிடித்து நடக்கிற பிள்ளையின் கை. அந்தக் கைக்கு மேலே ஒன்றும் இல்லை.

இணைப்புக் கொடுக்க வந்தவர் அவன் பேசியதைக் கேட்டார். வாட்ச்மேன் அவனைப் பார்த்தார். பிள்ளை அவனைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். சுப்ரஜாவுக்கு மட்டும் அவன் இல்லை.

"வைஷு!"

தொண்டை கிழியக் கத்தினாள். "வைஷு! ஹரீஷ், வேண்டாம்! அவளை விட்றுடா!"

குழந்தை நின்றது.

திரும்பவில்லை. பால்கனியைப் பார்க்கவில்லை. பக்கத்தில், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்துக்கு, அண்ணாந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். மழை அவள் முகத்தில் விழவே இல்லை. பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, தூக்கிய கையை இறக்காமல், இருட்டுக்குள் நடந்தாள்.