தாழ்வாரக் கூரையின் நீலம்

நாற்காலி திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்தபோதே வெர்னெல் அதைப் பார்த்துவிட்டாள். தாழ்வாரத்தில் கிடப்பது ஒரே ஒரு ஆடுநாற்காலி. அது எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். அமெரிக்கத் தெற்கின் கடலோர ஊரான சார்ல்ஸ்டனின் இந்தக் கிழக்குப் பகுதியில் தாழ்வாரத்தில் உட்கார்வதே போகிறவர் வருகிறவருக்குக் கையசைத்து, நாலு வம்பு பேசி, பொழுது சாய்வதைப் பார்க்கத்தான். இன்று அது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு மிக அருகில்.

காற்றாக இருக்கும் என்று திருப்பி வைத்தாள். ஒரு இலைகூட அசையவில்லை என்பது உள்ளே போய் ஷூவைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

தெருவில் கறுப்பர்களின் பழைய வீடுகளில் மிச்சம் இது ஒன்றுதான். அடிமை வாழ்வு முடிந்த கையோடு அவளுடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. எதிரே ரோசெட்டா அம்மாவின் வீடு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நாலு மாடி நிற்கிறது. அதற்குத் தாழ்வாரம் கிடையாது, வாசலில் காமிரா இருக்கிறது. ஐசயாவின் முடிவெட்டும் கடை காபிக் கடையாகிவிட்டது. பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், பழமை மணக்கிறதாம். ஏறிப்போன வரியைக் கட்ட முடியாமல் விற்றுவிட்டுப் போன ஐசயா, நெடுஞ்சாலை ஓரத்து வாடகை அறையில் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. ரோசெட்டாவும் அப்படித்தான் விற்றுவிட்டுப் போய்ச் செத்தாள். தெருவே அப்படித்தான் போயிற்று. வெர்னெல் மட்டும் மசியவில்லை. வீடு அவள் பெயரிலும் தம்பி க்லீவன் பெயரிலும் இருக்கிறது; அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூட யாராலும் பிடுங்க முடியாது.

அந்தத் தம்பிதான் போன வாரம் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பெயிண்டர்களை அனுப்பியிருந்தான். பிறந்தநாள் பரிசாம். திரும்பி வந்தால் தாழ்வாரக் கூரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றைக்கே போனில் பிடித்தாள்.

“மேல இருந்த நீலத்த யாருடா மாத்தச் சொன்னா?”

“வெள்ளைதான் அக்கா இப்ப ஃபேஷன். வீடு வாங்க வர்றவன் கண்ணுக்குப் பளிச்சுனு இருக்க வேணாமா?”

“அப்ப பரிசு எனக்கில்ல. வாங்க வர்றவனுக்கு.”

“ஆரம்பிச்சிட்டியா! பேய்க்குப் பயந்து பெயிண்ட் அடிக்கிற காலமா இது? இந்தத் தெருவுல மனுசனுக்கே வாடகை கட்டுப்படி ஆகல, பேய் எங்கேருந்து குடுக்கப் போவுது?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூரையில் நீலம் இருந்தால் ஆவிகளுக்கு அது தண்ணீராகத் தெரியும், தண்ணீரை அவற்றால் தாண்ட முடியாது என்பது ஊர்ப் பேச்சு. அவள் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் யாரும் இதுவரை நீலத்தை மங்க விட்டதில்லை.

நாற்காலி திரும்பிய அன்று அந்தி நேரத்தில் அடுப்பில் வெண்டைக்காய் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கடல் உள்வாங்கிய நேரம். சதுப்புச் சேற்றின் வாடை ஜன்னல் வழியாக வந்து சூப்பின் மணத்தோடு கலந்தது. எதிர் மாடிக்காரர்களின் நாய் எதையோ பார்த்துக் குரைத்து, குரைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. அப்போது தாழ்வாரப் படியின் கைப்பிடியை யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு.

இந்தப் பகுதி ஆட்களின் தட்டு அது. புதிதாக வந்தவர்கள் மணி அடிப்பார்கள். பழைய ஆட்கள் கைப்பிடியைத் தட்டிவிட்டுக் கீழேயே நிற்பார்கள், கூப்பிடாமல் படியேற மாட்டார்கள். அந்தத் தட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வெர்னெலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யார் என்றுகூடக் கேட்காமல், கரண்டியும் கையுமாக நின்றபடியே பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள்.

“வாங்க வாங்க, கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள வந்து உக்காருங்க!”

வலைக்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. மூடியது. மறுபடியும். இவ்வளவு பேரா என்று அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

யாரும் இல்லை. வாசனை மட்டும் இருந்தது. ரோசெட்டா எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் புதினா மிட்டாயின் வாசனை. ஐசயாவின் கடைத் தலைத்தைலம்.

விடியும்வரை எல்லா விளக்குகளையும் எரியவிட்டுச் சமையலறையிலேயே கிடந்தாள். வெளிச்சம் வந்ததும் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் அதே நீலத்தை வாங்கி வந்து ஏணியில் ஏறினாள். பகல் முழுக்க அடித்தாள். மூலை விடவில்லை, பலகை இடுக்கு விடவில்லை. கழுத்து இற்றுப்போயிற்று. சாயங்காலம் கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, அப்பாடா என்றிருந்தது. இனி ஒன்றும் உள்ளே வராது.

கை கழுவ உள்ளே போனாள்.

கூடத்தில் ஒரு நாற்காலி மெல்ல முனகியது, பாரம் மாறி உட்காரும்போது முனகுமே, அந்த முனகல். பிறகு நாற்காலிக் கையில் விரல்கள் தாளம் போட்டன. ஐசயாவின் தாளம். ஆள் வராத மத்தியான வேளைகளில் கடையில் உட்கார்ந்து அவர் போடுவது.

குழாயை மூடினாள். தண்ணீர் சொட்டியது.

நீலம் தாண்ட விடாது. வெளியே இருப்பதை உள்ளே விடாது. உள்ளே இருப்பதை?

தன் கையாலேயே அடைத்துவிட்டிருந்தாள்.

போனில் தம்பியைக் கூப்பிட்டாள். “வித்துடலாம்டா. கையெழுத்துப் போடறேன். இப்பவே வந்து என்னக் கூட்டிட்டுப் போ.”

“நெசமாவா? வெளையாடலியே? பக்கத்துலதான் இருக்கேன், இரு, வந்துட்டேன்!”

தாளம் நின்றது.

கூடத்து நாற்காலிகள் தரையில் உரசின. ஒவ்வொன்றாக. எல்லாம் அவள் பக்கம் திரும்பின. காலியாகத்தான் இருந்தன. மெத்தைகள் மட்டும் அமுங்கியிருந்தன.

“எங்கள உக்காரச் சொல்லிட்டு நீ எங்கம்மா போற, வெர்னெல்?”

புதினா வாசனை. காதுக்குப் பக்கத்தில்.

ஓடினாள். வலைக்கதவைத் தள்ளினாள். கால் எடுத்து வைக்கப் போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தாழ்வாரம் இல்லை. தண்ணீர். வாசற்படியிலிருந்து தொடங்கி, நீலமாக, ஆழமாக, அலையில்லாமல். குனிந்து பார்த்தாள். அடி தெரியவில்லை. கால் நகரவில்லை. ஆவிகளுக்குத்தானே அது தண்ணீராகத் தெரியும்?

அக்கரையில் கார் நின்றது. க்லீவன் இறங்கினான். சின்ன வயதுப் பழக்கம், அவனும் கைப்பிடியைத் தட்டினான். இரண்டு தட்டு.

“அக்கா! எங்க இருக்க? வரலாமா?”

நேராக அவளைத்தான் பார்த்தான். அவன் கண் அவளிடம் நிற்காமல் அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

வராதேடா என்று கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

“வாடா வா, கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள வந்து உக்காரு!”

அவள் குரல். அவளுக்குப் பின்னாலிருந்து.

க்லீவன் சிரித்துக்கொண்டே படியேறி வந்தான். தண்ணீர் அவன் ஷூவை நனைக்கவில்லை. கூடத்தில் இரண்டு நாற்காலிகளை யாரோ இழுத்துப் போட்டார்கள்.