வேலம்மா அனுப்பவில்லை

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நான் ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, கிழக்கே பார்த்து நின்று, குடித்தே சத்தியம் செய்திருக்கிறேன். இனி வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

பசியாவரத்தைத் தாண்டிப் படகில் போனால் வரும் சின்னத் தீவு எங்கள் குப்பம். அன்று காலையிலும் பள்ளிக்கூடப் படகு கரையில் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் எல்லோரும் ஏறியாயிற்று. ஓர் இடம் மட்டும் காலி.

"இன்னா வேலம்மா, பூவிழி வருதா இல்லியா?" என்று படகுக்காரன் குரல் கொடுத்தான்.

வேலம்மா மீன் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினாள். "வராது. நான் அனுப்பல."

படகு போய்விட்டது. அதற்காகவே காத்திருந்தவள்போல வீட்டுக்குள்ளிருந்து ரங்கம்மாள் வெளியே வந்தாள். வேலம்மாவின் நாத்தனார், புருஷனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள்.

"கேட்டியாடா ஆதி, உன் பொண்டாட்டி பேச்ச? ஜில்லா டீமுல பேரு வந்த பொண்ண வூட்ல பூட்டி வச்சிகினு கீறா. பெத்தவளா இவ... பொண்ணு பெரியாளா வந்துட்டா தன்னை மதிக்காதுன்னு வயித்தெரிச்சல்."

ஆதிநாராயணன் வலை முடிந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "அவகிட்ட எனக்குப் பேச்சு இல்லக்கா. நீயே கேளு."

வேலம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. தூங்குகிறவளின் முதுகு அவ்வளவு விறைப்பாக இருக்காது.

நடந்தது இதுதான். பூவிழி வாலிபால் ஆடுவாள். சின்ன வயதிலிருந்தே சாயங்காலமானால் இரண்டு சவுக்குக் கம்பத்துக்கு நடுவே கிழிந்த வலையைக் கட்டி, கூட்டாளிகளோடு சிரித்துச் சிரித்து ஆடிக்கொண்டிருந்த பெண். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மஸூதா டீச்சர் அவளை மாவட்ட அணிக்குத் தேர்வு செய்தார். அன்றிலிருந்து குப்பம் அவளுக்கு ஊக்கம் கொடுக்க ஆரம்பித்தது.

முதலில் பேனர். அது எவ்வளவு பெரியதென்றால், அதைக் கட்டியிருந்த ஊர்த் தலைவர் தசரதனின் படகு, கடல் காற்று அடித்த ஒருநாள் இன்ஜின் போடாமலே ஆரம்பாக்கம் போய் நின்றது. பிறகு முட்டை. வீட்டுக்கு வீடு அவித்துக் கொடுத்ததில், குப்பத்துக் கோழிகள் பூவிழியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போயின. பிறகு கோயில் ஒலிபெருக்கி. "பூவிழி, எழுந்தாச்சா? ஓட்டம் ஓடியாச்சா?" என்று தசரதன் தினமும் விடியலில் ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். ஏரியில் பூநாரைகள்கூட ஒற்றைக்காலில் வரிசையாக நின்று அவள் சர்வீஸ் போடுவதைக் கவனித்தன. பந்து வலையில் இடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் காலை மாற்றிக்கொள்ளும்.

கூட்டாளிகள் மெல்ல ஒதுங்கினார்கள். ஆட்டத்தைப் பார்த்த அத்தனை பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "கைய நீட்டு." "போலீஸ் வேலை கெடைக்கும்டி, விட்றாத." "உன்ன நம்பித்தான் உங்க நைனா கீறாரு."

ஒரு மத்தியானம், காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால் பூவிழி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மா... பந்தைப் பார்த்தாலே கை நடுங்குதும்மா. ராத்திரி தூக்கமே வரல. ஸ்கூல்லயும் இதே பேச்சுதான். நான் வேணாம்னு சொன்னா நைனா ஒடஞ்சி பூடும்."

"இன்னா செய்யலாம் சொல்லு."

"நீதான் அனுப்பலன்னு சொல்லிடு மா. உன்னை யாரு இன்னா செய்வாங்க..."

யார் என்ன செய்வார்கள் என்பது வேலம்மாவுக்குத் தெரியும். மகளின் தலையைத் தடவிக்கொண்டே சரி என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

தீவில் கெட்ட பேர் வாங்கிய பெண்ணுக்குப் போக இடம் கிடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீர் வந்து காலில் இடிக்கும். சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகலாமென்றால் படகு வேண்டும். படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் முகம் திருப்பிக்கொண்டவர்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. புருஷன் அக்கா கையால் போட்ட சோற்றைத்தான் தின்றான். ஒரே அறை வீட்டில், பேசாத புருஷனுக்கும் ஓயாமல் பேசும் நாத்தனாருக்கும் நடுவே, மகளின் முதுகைப் பார்த்தபடி வேலம்மா நாளை ஓட்டினாள். அழுகை வந்தால் வெங்காயத்தை எடுத்து உரித்தாள். அந்த வீட்டில் அப்போது எல்லாக் குழம்பிலும் வெங்காயம் அதிகம்.

கடைசியில் ஊர்க்கூட்டம் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த நாள், எந்தத் தண்ணீரில், யார் வலை இறக்குவது என்று ஊரே சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். ஒருவன் முறையில் இன்னொருவன் வலை விழக்கூடாது. விழுந்தால் வலையைப் பிடுங்கிக் கோயிலில் வைத்துவிடுவார்கள். அந்தப் பாட்டைப் பிரித்துக் கொடுப்பவர் தசரதன்.

அவர் தொண்டையைச் செருமினார். "வேலம்மா, கடைசியா கேக்குறோம். பொண்ண ஏன் அனுப்பல?"

"எனக்கு இஷ்டமில்ல."

"அப்ப பொண்ணு போற வரிக்கும் உங்க வூட்டுக்குப் பாடு கெடையாது."

ஆதிநாராயணன் தலை குனிந்து நின்றான். "குடும்பத்தையே கரையில ஒக்கார வச்சிட்டியேடி... எதுக்குடி? அதையாவது சொல்லித் தொலை."

வேலம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"அம்மா சொல்லாது நைனா."

கூட்டம் திரும்பியது. தலைகூட வாராமல் பூவிழி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன். அம்மா என்னை ஒருநாள்கூட நிறுத்தல. என்னால முடியல நைனா... அம்மா என் பழிய சுமந்துகினு நிக்குது."

ஆதிநாராயணனுக்கு விளங்கவில்லை. "உனக்கு இன்னா கொறை கண்ணு? ஊரே உன் பின்னாடி நிக்குதே."

"அதான் நைனா. ஊரே பின்னாடி நிக்குது. எனக்குத் திரும்ப எடமில்ல."

வேலம்மா முந்தானையை விட்டாள். ஊர்க்கூட்டத்தில் அதுவரை ஒரு பெண் அத்தனை நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தலைவரே, ஒருத்தர் பாடு நாளுல அந்தத் தண்ணில அடுத்தவங்க வலை எறக்கலாமா?"

"அதெப்படி? கூடாது."

"வலை எறக்காம, கரையில நின்னு இப்டி இழு அப்டி இழுன்னு நூறு பேர் கத்தலாமா?"

"மீன் கலைஞ்சி பூடுமே."

"சாயங்காலம் ஆடுறது எம்பொண்ணு பாடு. அதுல ஊரே வலை போட்டுடுச்சி. உங்க வலை, எங்க வூட்டுக்காரர் வலை, எங்க அண்ணி வலை... புள்ள கலைஞ்சி பூடுச்சி தலைவரே."

தசரதன் நெடுநேரம் தாடையைத் தடவினார். எதை வேண்டுமானாலும் மறுப்பார்; பாடு வழக்கத்தை மறுக்க அவரால் முடியாது. எழுந்து தீர்ப்புச் சொன்னார். இன்று முதல் சாயங்கால மைதானம் பூவிழியின் பாடு. யாரும் யோசனை சொல்லக்கூடாது. கைதட்டக்கூடாது. பார்ப்பதும் வலை போடுவதில்தான் சேரும். ஆகவே பார்க்கவும் கூடாது. மாவட்ட அணிக்குப் போவதா வேண்டாமா என்பது முறைக்காரியின் இஷ்டம். வேலம்மா வீட்டுப் பாடு பழையபடி நடக்கும்.

முதல் குற்றவாளி ரங்கம்மாள். தீர்ப்புச் சொன்ன வாய் மூடுமுன் "நல்லா சாப்டாத்தானே கண்ணு..." என்று தொடங்கிவிட்டாள். வலைக்குப் பதிலாக அவளுடைய வெற்றிலைப் பையைப் பிடுங்கிக் கோயிலில் வைத்தார்கள். அவள் வாதாடவில்லை. நேராக வந்து வேலம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாய்ல வந்ததெல்லாம் சொன்னேனேடி... ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அவ மாட்டிப்பா அண்ணி."

வீட்டுக்கு வந்ததும் ஆதிநாராயணன் தட்டை எடுத்து வேலம்மா முன்னால் வைத்தான். "நீ போடு," என்றான். அவள் போட்டாள். முதல் உருண்டையை வாயில் வைக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பூவிழி அன்று சாயங்காலமே பந்தை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டாளிகள் வரத் தயங்கினார்கள்; அதனால் அம்மாவையே வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். பந்தைத் தொட்டறியாத வேலம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஒரே அடி அடித்தாள். பந்து மேகம்வரை போயிற்று. வழியில் பறந்த பூநாரை ஒன்று ஒதுங்கி இடம் விட்டது. பந்து கீழே வருவதற்குள் மகள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள், பழைய சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் கை நடுங்கவில்லை. வலைக்கு அடியில் குனிந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நாளைக்குப் படகுல போறேம்மா... டீம் அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள். வேலம்மா வெங்காயம் இல்லாமல், தாராளமாக அழுதாள். இரண்டு பேரும் அப்படியே மணலில் சரிந்து, இருட்டும்வரை ஒருவரை ஒருவர் விடவில்லை.

அந்த நேரம் குப்பத்தில் இருந்த அத்தனை பேரும், நானும் சேர்த்து, தீர்ப்பை மதித்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நின்றிருந்தோம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.