எட்டாவது ஆணி

ஆணி இருந்த இடத்தில் மரம் கறுத்திருக்க வேண்டும். இரும்பு உள்ளே கிடந்தால் சுற்றிலும் மை கொட்டினதுபோல் கறை படியும். முப்பது வருஷமாக மரம் அறுக்கிற நாகவல்லிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இப்போது உளியால் தோண்டி எடுத்த ஆணியைச் சுற்றிப் புளிய மரம் வெளுப்பாகவே இருந்தது. ஆணியிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதன் கழுத்தில் சுற்றியிருந்த தலைமுடியில் எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகவில்லை.

"ஏழு" என்று எண்ணி அதைத் தகர டப்பாவில் போட்டாள்.

ரம்பம் ஓட்டும் ஏகாம்பரம் நாலடி தள்ளி நின்றிருந்தான். காலையிலிருந்து அவன் அந்தக் கட்டையைத் தொடவே இல்லை.

"போதும்க்கா. அறுக்க வோணாம். வண்டில ஏத்தி ஏரிக்கரையாண்ட தள்ளிட்டு வந்துடலாம்."

"தள்ளிட்டு? தீவாளிக்கு இன்னும் பத்து நாள் கீது. கறிக்கடைக்காரங்க கட்டைக்கு வந்து நின்னா இன்னா சொல்றது, பேய் புடிச்சிகிச்சின்னா?"

அவன் தகர டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருக்கும் ஏழில் ஒன்று அவன் அம்மா சரசாவின் ஆணி.

நசரத்பேட்டையில் சாலையை அகலப்படுத்தும்போது போன வாரம் சாய்த்த மரம் அது. பேய் பிடித்தது என்று சொல்லப்பட்ட பெண்களை ஒரு காலத்தில் அதனடியில்தான் உட்கார வைப்பார்கள். பூசாரி உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அடிப்பார். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்கு வந்துவிடும் என்பது கணக்கு. அதனாலேயே பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை ஒரு மில்லும் அந்தக் கட்டையை எடுக்கவில்லை. அண்ணனூரில் நாகவல்லி மட்டும் இறக்கச் சொன்னாள். கறி வெட்டும் கட்டைக்குப் புளியை விட்டால் வேறு மரம் கிடையாது. இந்தச் சுற்றளவில் இன்னொரு புளிக்கு இனி எங்கே போவது?

அறுக்கும் முன் ஆணியை எடுத்தாக வேண்டும். ஒரே ஒரு ஆணி பட்டால் பிளேடு அறுந்து ஷெட்டுக்குள் சுழன்று வரும். ஏகாம்பரத்தின் இடது முழங்கையில் அதற்கு ஒரு தழும்பு உண்டு. எனவே பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, கட்டை நெடுக மெல்ல ஓட்டிக்கொண்டே போனாள். காந்தம் வெட்டி இழுத்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம். மொத்தம் எட்டு வட்டம்.

எட்டில் ஒன்று அவளுடையதுதான். அதை அவள் மறைத்ததும் இல்லை.

பதினேழு வயதுவரை அவள் பல்லியைக் கண்டால்கூட அழுவாளாம், அம்மாவின் முந்தானையை விடமாட்டாளாம். எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். ஒருநாள் திடீரென்று கூடத்தில் எழுந்து நின்று, பார்த்த மாப்பிள்ளை வேண்டாம், எந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்றாளாம். மறுநாளே மரத்தடி. அவளுக்கு ஞாபகமாக இருக்கும் முதல் விஷயம் அந்தச் சுத்தியல் சத்தம். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அப்போது ஏதோ காய்ச்சல் வந்து மறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆணி அடித்தும் அவள் வாய் அடங்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றவள் வேண்டாம் என்றே இருந்தாள், மரம் சுமந்தாள், ரம்பம் பழகினாள், மில்லுக்கே முதலாளி ஆனாள். பேயுமில்லை, பிசாசுமில்லை, இருந்திருந்தால் அன்றைக்கே என் திமிர் போயிருக்காதா என்று ஊரெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். அம்மா மட்டும் அதற்குச் சிரித்ததில்லை. சாகும்வரை இவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் இல்லை. அது மட்டும் நாகவல்லிக்கு இன்றைக்கும் வலிக்கும்.

"நீ ஊட்டுக்குப் போ ஏகாம்பரம். நான் பாத்துக்கறேன்."

"தனியா வோணாம்க்கா."

"நான் எப்போ துணையோட இருந்தேன்? போ."

அவன் போனான். மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து, தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. மின்சாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துப் பட்டறைகளிலும் ஓசை இல்லை. தண்டவாளப் பக்கம் ஒரு ரயில் ஊதிவிட்டு ஓய்ந்தது. நனைந்த மரத்தூளின் புளிப்பு வாடையோடு ஷெட்டில் எப்போதுமே இல்லாத ஒரு வாசனை, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசனை, கட்டைப் பக்கமிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேல் வைத்த தகர டப்பா ஒருமுறை தானாகக் குலுங்கியது. மழையின் அதிர்வு என்று அவள் முடிவுகட்டிக்கொண்டு உளியை எடுத்தாள்.

எட்டாவது வட்டம்.

உளியே தேவைப்படவில்லை. பட்டையைச் சீவியதும் ஆணித்தலை தெரிந்தது. விரலால் பிடித்தாள். வந்துவிட்டது. அதன் கழுத்தில் பள்ளிக்கூடப் பச்சை ரிப்பன்.

அவளுடையது.

ரிப்பனோடு முடியும் வந்தது. இழுத்தாள். ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. மரத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது, கறுப்பாக, ஈரமாக. உடம்புச் சூட்டோடு.

போன் அடித்தது. ஏகாம்பரம்.

"அக்கா, எங்கம்மா அயுவுதுக்கா. வாசல்ல குந்திகினு எங்கம்மா எங்க, எங்கம்மா எங்கன்னு கேக்குது. என்னியப் பாத்து நீ யாருன்னு கேக்குது. கொரலே அதோட கொரலு இல்லக்கா. சின்னப் பொண்ணு கொரலு."

அவள் நிமிர்ந்தாள்.

கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவாடை, தாவணி. ஒரு சடையில் ரிப்பன் இருந்தது. இன்னொன்று அவிழ்ந்து, நீண்டு, மரத்துக்குள் போயிருந்தது. அழுதழுது வீங்கிய முகம். கண்ணாடியில் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த முகம்.

அந்த உதடு அசைந்தது. "அம்மா" என்ற சத்தம் நாகவல்லியின் வாயிலிருந்து வந்தது.

போனைப் பிடித்திருந்த இடது கை தானாகத் திறந்தது. விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் மடங்கி, குழந்தை உட்காருவதுபோல் உடம்பு தரையில் உட்கார்ந்தது. அன்றைக்கு மரத்தோடு நின்றது யார், வீட்டுக்கு நடந்து வந்தது யார் என்று ஒருவரும் சரிபார்க்கவில்லை. அம்மாவைத் தவிர.

பயம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இந்தக் கையில் காய்ப்பு ஏற்றியது யார்? இந்தத் தோளில் மரம் சுமந்தது யார்? பல்லிக்கு அழுகிறவளுக்கா இந்த மில்?

வலது கை இன்னும் அவளுடையதாகவே இருந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றாள். "இது நான் ஒழைச்ச ஒடம்பு."

முடியை ஆணியில் சுற்றினாள். இரண்டு சுற்று. மூன்று. ஆணியைப் பழைய துளையில் வைத்துச் சுத்தியலை எடுத்தாள். எதிரில் இருந்தவள் எழுந்து ஓடவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள்.

"வலிக்குதுக்கா" என்று நாகவல்லியின் வாய் சொன்னது.

முதல் அடி. தொண்டை கிழியும்படி அவள் வாயே அலறியது. இரண்டாவது அடி. தரையில் கிடந்த போனில் ஏகாம்பரம் கத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, அங்க யாரு அயுவுறது? அக்கா?"

அவளுடைய இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இடது கை தரையைப் பிறாண்டியது. வலது கை சுத்தியலை மறுபடி ஓங்கியது.