வாசலம்மா வேஷத்துக்கு ஒரு ஆள்

அன்று கடலூரில் ஒரு பொட்டு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் ஆடிஷனுக்கு வந்து நின்ற அந்த அம்மாளின் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அறிவழகன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடிக்க ஆள் பிடிக்கிற உத்தியோகத்தில் இருப்பவன் முகத்தைத்தான் பார்ப்பான், முந்தானையை அல்ல. அதுவும் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மாடியில் கடை விரித்தால், மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நாலு பேர் நனைந்த புடவையோடு வரத்தான் செய்வார்கள். அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் அது. அறிவழகனிடம் எப்போதும் சமாதானத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் கதாநாயகன் ஆவதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏறியவன் அவன். கேமரா அவன் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அதனால் கேமராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கொட்டாவி விடும் வேலை கிடைத்தது. கேட்பவர்களிடம் அவனே இப்படித்தான் சொல்வான்.

இப்போது கையில் இருந்த வேலை ‘உப்புக்காலம்’. புதுச்சேரிப் பையன்கள் சிலர் சேர்ந்து உருவாக்கிய வீடியோ கேம். கடல் ஊருக்குள் வந்து, திரும்பிப் போகாமலேயே தங்கிவிட்ட பிறகு, மொட்டை மாடிகளில் பிழைத்துக் கிடக்கும் மனிதர்களின் கதை. சென்னையில் ஒரு கம்பெனி அதைத் தொடராக எடுக்க வாங்கியிருந்தது. கேமில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் ரத்தமும் சதையுமாக ஓர் ஆள் வேண்டும். விளையாடிய பிள்ளைகள் பார்த்தவுடன் "அதே ஆளுடா" என்று கத்த வேண்டும்.

மற்ற எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். வாசலம்மாதான் கிடைக்கவில்லை.

கேமில் அவளுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. தண்ணீர் தேங்கிய தெருவில், ஒரு வீட்டு வாசலில், இடுப்பளவு நீரில் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டே இருப்பாள். நாம் கடந்து போகும்போது "வந்துட்டியா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். விளையாடுகிற கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பி வந்தாலும் அவள் பிழிந்துகொண்டுதான் இருப்பாள். அந்தத் தண்ணீர் வற்றவே வற்றாது.

"பேரு, வயசு, ஊரு சொல்லுங்கம்மா" என்றாள் கேமராவைப் பிடித்திருந்த இலக்கியா.

"பேரு நீங்க வெக்கிறதுதான்."

"ஊரு?"

"இங்கதான். முன்ன." அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான் இருந்தது.

வழக்கம்போல இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை திரும்பச் சொன்னார்கள். மெதுவாகத் திரும்பினாள். அறிவழகனுக்கு என்னவோ உறுத்தியது. மனித முகத்தில் ஒரு பக்கம் இருப்பதுபோல மறுபக்கம் இருக்காது. ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒரு கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இந்த முகத்தில் இடமும் வலமும் ஒன்றாக இருந்தன. கண்ணாடியில் மடித்து வைத்ததுபோல. கேமில் அப்படித்தான் செய்வார்கள். பாதி முகத்தை வரைந்து, அதையே திருப்பி ஒட்டிவிடுவார்கள், வேலை மிச்சம். ஆக, கேமில் இருக்கிற மாதிரியே அச்சாக ஆள் கிடைத்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்படுகிற இடமா அது?

நடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு எதிர்வசனம் படிக்கும்போது, உதவியாளர்கள் ஒரு உபாயம் செய்வார்கள். எழுதியிருக்கிற பேரை விட்டுவிட்டு, படிக்கிறவன் தன் சொந்தப் பேரையே கொடுத்துவிடுவான். எதிரில் நிஜமான ஆள் இருந்தால் பேச்சில் உயிர் வரும்.

"நான்தான் ஒங்க புள்ள. அறிவுன்னு கூப்புடுங்க" என்றான் அறிவழகன்.

அவள் அவனைப் பார்த்தாள். முந்தானையைப் பிழிந்தாள். உப்பும் பாசியும் கலந்த வாடை அறை முழுக்க மெல்லப் பரவியது.

"வந்துட்டியா அறிவு?"

அவனுடைய அம்மா சவரியம்மாள் ஒரு நாளும் அவனை அப்படி வரவேற்றதில்லை. சத்துணவுக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்த தொண்டை அது. வாசலில் அவன் தலையைக் கண்டதுமே திட்டு ஆரம்பித்துவிடும். அறிவழகன் தாளைப் பார்த்துத் தன் வரியைப் படித்தான். "வந்துட்டேன்மா."

வருகிறவர்கள் எல்லோரிடமும் கடைசியில் அவன் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கூப்புடுறோம்." அந்தத் தொழிலில் அதற்கு, போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். இந்த அம்மாளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "நீங்கதாம்மா. வேஷம் ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டான்.

"டைரக்டர் தட்சிணாமூர்த்தி சாரு பாக்காம நீயா எப்பிடிண்ணா சொல்லலாம்?" என்று இலக்கியா பாய்ந்தாள். "அதவுடு. ‘வந்துட்டேன்மா’ன்னு எவன் எழுதுனான்? கேம்ல அந்த பதிலுக்கு இருக்கற பட்டன யாருமே அமுக்க மாட்டாங்க."

"டிவியில ஹீரோ பேசாம போனா சேனல மாத்திடுவாங்கன்னு மெட்ராஸ்ல எழுதியிருக்காங்க. அமுக்குனா என்னா ஆவும்?"

"வாசல வுட்டு எறங்கிடுவா. கூடவே வருவா. அந்த வாசல் காலியாவே இருக்காது, அவ எடத்துல வேற யாரையாவது கேமே நிறுத்திடும். அப்பறம் ஆட்டத்த முடிக்கவே முடியாது."

"கூட வரட்டும் தாயி. இந்த வயசு வரைக்கும் எனக்குக் கூட வர ஒருத்தி கெடைக்கல."

இலக்கியா சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாளைக் காணவில்லை. படிக்கட்டிலிருந்து உள்ளே வந்த ஈரத் தடம் தெளிவாக இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. வந்த தடம் அறிவழகனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் அவன் ஏறியபோது சாயங்காலம். ஆலப்பாக்கம் தாண்டியதும் மேகம் கவிந்து, ஊரே கொல்லைக் கதவைச் சாத்தினதுபோல இருட்டியது. அம்மா போன் செய்தாள். குமராட்சியில் இருக்கும் அவன் தங்கச்சி பொன்னி வீட்டுக்குப் போயிருந்தாள்.

"கொள்ளிடத்துல தண்ணி ஏறுதுடா. மினி பஸ்ஸு வந்தா வரன், இல்லன்னா இங்கயே படுத்துக்கறன். போன்ல சார்ஜு இல்ல. மாவு இருக்கு, ஊத்தித் தின்னு. கொல்லையில நீலப் பொடவைய காயப் போட்டுருக்கறன், போனதும் எடு. மறந்த, தோல உரிச்சிடுவன்." போன் அணைந்தது. அவன் புன்னகைத்தான். உலகத்தில் அவனைத் திட்டுவதற்கென்று இருந்த ஒரே ஆள் அவள்.

கண்டக்டர் வந்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "ஒனக்கு எடுத்துட்ட. அம்மாவுக்கு?"

"எந்த அம்மா?"

"பின்சீட்டுல. கேட்டா, ‘எம்புள்ள எடுத்துருக்கும்’ங்கிறாங்க."

திரும்பினான். பின்சீட்டு காலி. ரெக்சின் குழிவில் தண்ணீர் தேங்கியிருந்தது. கண்டக்டர் கூரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "நடுவுல எங்கியும் நிக்கலியே" என்று முணுமுணுத்தபடி முன்னால் போனவர், அவன் இறங்கும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. அறிவழகன், அரசுப் பேருந்து என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தான். அது அவ்வளவாக ஒட்டவில்லை.

சிதம்பரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. மெயின் ரோட்டில் வண்டிகளின் வெளிச்சம் இருந்தவரை தைரியம் இருந்தது. அவன் வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும், கணுக்கால் தண்ணீரில் அவன் காலடிச் சத்தமும், சாக்கடை மூடிகளுக்கடியில் கொப்பளிக்கும் சத்தமும், எங்கோ ஒரு தகரத்தில் மழை அடிக்கும் சத்தமும், இவற்றுக்கெல்லாம் நடுவில் இன்னொரு சளக் சளக்கும் கேட்டது. அவன் நின்றான். அதுவும் நின்றது. ஆனால் ஓர் அடி தாமதமாக. கேமில் கூட வரும் ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தான். சளக். ஓடினான். சளக் சளக் சளக்.

வீட்டுக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

மாதா படத்துக்கு முன்னால் அம்மா ஏற்றி வைக்கிற அதே இடத்தில். கதவு திறந்திருந்தது. சமையலறையில், முதுகைக் காட்டியபடி, நீலப் புடவையில் அம்மா. மினி பஸ் கிடைத்துவிட்டது! அறிவழகனுக்கு உயிர் வந்தது. கதவைச் சாத்தினான். அம்மா முகத்தைக் கொஞ்சம் திருப்பினாள். இடது கன்னத்து மச்சம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரிந்தது. புடவை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

"வந்துட்டியா அறிவு?"

மண்டபத்தில் கேட்ட அதே வார்த்தை. ஆனால் அம்மாவின் குரல்தான். வயதாகிறது, கொஞ்சம் கனிந்துவிட்டாள் போலிருக்கிறது. எத்தனை வருடத்து ஏக்கம் அவனுக்கு. யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"வந்துட்டேன்மா."

கதவு தட்டப்பட்டது.

"அறிவு! கதவத் தொறடா!"

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தான். வாசலில் ஒரு பொம்பளை. தலைவிரிகோலம். உச்சி முதல் பாதம்வரை நனைந்து, முந்தானையை முன்னால் இழுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். காலையில் மண்டபத்தில் நின்ற அதே நிலை. அதே கை. தெருத் தண்ணீர் அவள் முழங்காலில்.

உள்ளே காய்ந்தவள். வெளியே நனைந்தவள். இத்தனை வருடம் ஆள் பொறுக்கியவனுக்கு இதில் யார் அம்மா என்றுகூடவா தெரியாது?

தாழ்ப்பாளைப் போட்டான். என்ன சொல்லித் துரத்துவது? பழகிய வார்த்தை ஒன்றுதான் வந்தது.

"கூப்புடுறோம்."



"என்னாது? கூப்புடுறீங்களா? எவனுக்குடா சொல்ற அத? பெத்தவள மழையில நிக்க வெச்சிட்டு! அந்த மினி பஸ்ஸுக்காரன் பாலத்துலியே எறக்கிவுட்டுட்டான், நனைஞ்சிகினே வரன். சேசுவே, எனக்குன்னு வந்து பொறந்துச்சு பாரு! கொல்லையில நீலப் பொடவைய எடுத்தியா இல்லியாடா வெளங்காதவனே?"

உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் திட்டு வராது.

நீலப் புடவை. இத்தனை நேரம் கொல்லையில் மழையில் கிடந்த புடவை.

அறிவழகன் திரும்பினான்.

சமையலறையில் அவள் அவனைப் பார்த்து நின்றாள். சொல்லிக் கொடுத்தமாதிரி, மெதுவாக, இடப்பக்கம் திரும்பினாள். மச்சம். மெதுவாக வலப்பக்கம் திரும்பினாள்.

அங்கேயும் மச்சம்.

தாழ்ப்பாளை நோக்கிப் பாய்ந்தான். இழுத்தான். வரவில்லை. அவன் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று. ஊறிப்போய். பாசி வாடை.

"டேய்! தண்ணி ஏறுதுடா! இடுப்புக்கு வந்துடுச்சு! அறிவு!"

"அம்மா! அம்மா, இரு! தொறக்கறன்!"

"அறிவு! ஏண்டா..."

திட்டு பாதியில் நின்றது.

மழையும் நின்றது. சந்து முழுக்க, கடல் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்தது. உப்பு நாற்றம்.

பிறகு கதவுக்கு வெளியே இருந்து, மிக மெதுவாக, அம்மாவின் குரல். திட்டே இல்லாத குரல்.

"வந்துட்டியா அறிவு?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பதில் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது.

மெழுகுவத்தி அணைந்தது. இருட்டில், அவன் காதுக்குப் பின்னால், காய்ந்த புடவையை யாரோ முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமும், அதே தாளத்தில், துணி பிழிகிற சத்தம்.