முப்பிடாதியின் முகவரி

ஒரகடத்தில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பேய் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் வேல்ராஜ் வாய்விட்டுச் சிரித்திருப்பான். வெயில் அப்படிக் கொளுத்தியது. கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு அன்று ஞாயிறு விடுமுறை. காவலாளி தாண்டவராயன்தான் கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிப் போனார்.

வேலை என்னவோ சுலபம்தான். மெஷின்களோடு இருக்கும் கம்ப்யூட்டர்களைப் புது சாஃப்ட்வேரில் இணைக்க வேண்டும். திங்கள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு லைன் ஓடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறு என்று மேனேஜர் ரகுபதி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாவம்.

பதினோரு கம்ப்யூட்டர்கள் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. பழைய பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த பெயர் மட்டும் முரண்டு பிடித்தது. 'முப்பிடாதி என்ற பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை' என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. சர்வரின் கேபிளைப் பிடுங்கிச் செருகினான். சர்வரை அணைத்துப் போட்டான். ஊஹூம்.

"அண்ணே, யாரு இந்த முப்பிடாதி? எங்க ஊர்ப் பக்கத்துப் பேருல்லா?"

தாண்டவராயன் முகம் சுண்டிப்போனது.

"புது மெசினுக்குப் பூசை போட்டு மொதல்ல யாரு ஓட்றாங்களோ, கம்ப்யூட்டருக்கு அவங்க பேரத்தான் வெப்பாங்க. இங்க அதான் வழக்கம். தகடு அடிக்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸ ஓட்டிக்கினு இருந்த பொண்ணுப்பா அது. போன வருசம் அதுலயே மாட்டிக்கினு..." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கம்ப்யூட்டரையும் அப்பவே காயலாங்கடைக்குப் போட்டாச்சு. நீ இன்னாத்துக்கு அத்தக் கூப்டுகினு கீற? வுட்டுடு."

சொல்லிவிட்டு கேட்டுக்கே போய்விட்டார்.

விட்டுவிட முடியுமா? பட்டியலில் உள்ள ஒரு பெயர் பதில் சொல்லாவிட்டாலும் சாஃப்ட்வேர் நகராது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கையால் எழுதிவைக்க சர்வரில் ஒரு சின்ன ஃபைல் உண்டு. அவசரத்துக்கு எல்லாரும் செய்கிற குறுக்குவழிதான். வேல்ராஜ் அதில் ஒரே ஒரு வரி அடித்தான். முப்பிடாதிக்கு நேரே தன் லேப்டாப்பின் முகவரி.

இனி யார் முப்பிடாதியைக் கூப்பிட்டாலும் அவனிடம்தான் வரும்.

திரை பச்சையானது. அப்பாடா என்று சாய்ந்தான்.

லேப்டாப் 'டிங்' என்றது. 'முப்பிடாதிக்கு அழைப்பு. நாலாம் நம்பர் பிரஸ்.'

அந்த பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி தாண்டவராயனிடம்.

ஷெட்டின் கோடியில் ஸ்ஸ்ஸ் என்று காற்று சீறியது. இரும்புப் பலகை மெல்ல மேலே எழும்பும் சத்தம். மெஷின் எண்ணெய் நெடியோடு, ஷிஃப்டுக்கு வரும் பெண்கள் பூசிக்கொள்ளும் பவுடர் வாசனை.

சட்டென்று அந்த ஃபைலைத் திறந்தான். அந்த வரியை அழித்தான். முப்பிடாதி என்ற பெயரைக் கொடுத்து சர்வரிடம் முகவரி கேட்டான்.

அதே முகவரி. அவனுடையது.

கேபிளைப் பிடுங்கினான். லேப்டாப்பை அணைத்தான்.

'டிங்.'

காதோரம் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"ரிலீவர் வந்தாச்சா? ஆளு மாத்தாம எந்திரிக்க விடமாட்டாங்கல்லா... எம்புட்டு நாளா உக்காந்திருக்கேன். அப்ப நான் கிளம்புதேன்."

எப்படி கேட் வரைக்கும் ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. தாண்டவராயன் நாற்காலியில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா முப்பிடாதி, பேயறஞ்சாப்ல ஓடியாற?"

"அண்ணே, நான் வேல்ராஜ்ணே!"

"அது யாரும்மா?"

அவர் விளையாடவில்லை. அந்தக் கண்ணில் துளிக் குறும்பும் இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா! அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. பெற்றவளுக்குமா தெரியாமல் போகும்? எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏட்டி முப்பிடாதி, மத்தியானம் சாப்பிட்டியாட்டி?"

நான் வேல்ராஜ் அம்மா என்று கத்தத்தான் வாயைத் திறந்தான்.

"சாப்பிட்டேன்மா" என்றது ஒரு பெண்ணின் குரல், அவன் வாயிலிருந்து.