எட்டாவது பல்தடம்

நேற்று மாலை காசில் ஏழு பல்தடங்கள் என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தான் சூசைமாணிக்கம். இன்று எண்ணினால் எட்டு. தான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும். அவன் எழுதி வைத்ததில் எதுதான் சரியாக இருந்திருக்கிறது?

ராஜா தலை போட்ட வெள்ளிக் கால் ரூபாய். அவனுடையதல்ல. நயா பைசா வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நேற்று அஸ்தம்பட்டி டைப்ரைட்டிங் மாலை வகுப்பில் கைலாசம் இதை மேசைமேல் வைத்ததும், ரயிலில் நசுங்கியது, அமிலம் தின்றது என்று சூசை நான்கு வருடமாகச் சேர்த்த காசுகளெல்லாம் குப்பையாகிவிட்டன.

"வெள்ளியான்னு கடிச்சுப் பாத்திருக்காங்க," என்றான் சூசை.

"அப்புடிப் பாக்கறவன் ஒருக்காக் கடிச்சுட்டு விட்டுருவானப்பா," என்று சிரித்தான் கைலாசம். "இது விடாமக் கடிச்சது. சுடுகாட்டுச் சென்றாயன்கிட்ட வாங்குனேன். வேதக்காரங்களுக்கு வாய்க்கரிசிக் காசெல்லாம் எங்க தெரியப்போவுது!"

பக்கத்து மிஷினில் ஜெபமலர் தட்டுவதை நிறுத்தினாள். "அவரு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். நீங்க நோட்டுல எழுதிக்குங்க."

அவள் சிரிப்பு கைலாசத்தின் பக்கம் போயிற்று. அவன் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் காசு சூசையின் சட்டைப்பைக்குள் போயிற்று. ஒரே ஒரு முறை, அவள் எதிரில் தன் ஊகத்தை நிரூபித்துவிட்டால் போதும்.

இப்போது வீட்டில் அவன் மட்டும்தான்; அம்மா ஞானமேரி மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். மழைக்கு முந்திய புழுக்கத்தில், ஓட்டுக்கூரைச் சூட்டோடு, ஈரச் சாம்பலும் ஊதுவத்தியும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்து வந்து போயிற்று. பெட்டிக்கடியில் எலி மரத்தைக் கொறிப்பதுபோல ஒரு சத்தம், அவன் மூச்சை அடக்கினால் தானும் அடங்கி, அவன் மூச்சு விட்டதும் மறுபடி தொடங்கியது.

காசைப் பார்த்தான். ஒன்பது.

காசுகளில் உள்ள எந்தக் காயத்தையும் தானே செய்து பார்ப்பதுதான் அவன் முறை. ஆணியால் கீறியிருக்கிறான், அடுப்பில் சுட்டிருக்கிறான். காசைத் துடைத்துப் பற்களுக்கிடையே வைத்து ஒருமுறை கடித்தான்.

தடங்கள் அவன் பல்லுக்கு அச்சாகப் பொருந்தின.

வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. கால் பெருவிரல்கள் இரண்டும் தாமாக நெருங்கி ஒட்டிக்கொண்டன. பாயில் மல்லாந்து விழுந்தான்.

தலைமாட்டில் புடவைகள் உரசின. நிறையப் பேர்.

"நெருக்காதீங்க சாமி. ஒவ்வொருத்தரா வாங்க," என்றது ஒரு கிழக்குரல்.

குளிர்ந்த விரல்கள் அவன் உதட்டில் பச்சரிசியைப் போட்டன. ஈர அரிசி. அடுத்த கை. அதற்கடுத்த கை.

பிறகு, ஜெபமாலை சுற்றிய ஒரு கை. அம்மாவின் கை. அதிலும் அரிசி இருந்தது.